சூடு ஆறுவதற்குள் பிடிக்க வேண்டும்

காலையில் சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொள்கிறது. மேலூரிலிருந்து நான்கு வழிச்சாலையில் ஒரு குறையும் இல்லாமல் வருகிறது. மாட்டுத்தாவணி சிக்னலில் நிறுத்தினால் ஓரிரு நிமிடத்தில் அணைந்துவிடுகிறது. எவ்வளவு முயன்றாலும் கிளம்புவதில்லை. அரை மணி நேரம் கழித்து, யாரும் தொடாமலே, மறுபடி ஓடுகிறது. அம்பாசடரோ பிரீமியர் பத்மினியோ சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டோ வைத்திருப்பவர்களுக்குச் சித்திரை, வைகாசியில் இது பழகிய தொல்லை.

வண்டி பட்டறைக்குப் போய்ச் சேரும்போது எஞ்சின் ஆறியிருக்கும். ஆறிய எஞ்சினில் இந்தக் கோளாறு இல்லவே இல்லை. இல்லாததைத் தேடுவதால் காயில் மாறுகிறது, பிளக் மாறுகிறது, கார்புரேட்டர் கழற்றிக் கழுவப்படுகிறது. கோளாறு மட்டும் அப்படியே இருக்கிறது. ஆகவே சோதனை சாலையோரத்திலேயே, அணைந்த முதல் சில நிமிடங்களில் நடக்க வேண்டும். கேட்க வேண்டியவை இரண்டே கேள்விகள்: கரண்ட் வருகிறதா? பெட்ரோல் வருகிறதா?

அதற்கும் முன்னால், எஞ்சின் எப்படி அணைந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சுவிட்சை அணைத்தது போல் ஒரே நொடியில் நின்றால் பெரும்பாலும் மின்பொறிதான் போயிருக்கும். இழுத்து, திக்கி, மிஸ்ஸிங் அடித்து, ஆக்சிலேட்டரை மிதித்தும் கேளாமல் நின்றால் எரிபொருளைச் சந்தேகிக்கலாம். இதற்கு ஒரு கருவியும் வேண்டாம், கவனித்த காது போதும்.

சிக்னல் வரை வந்த வண்டி சிக்னலில் ஏன் நிற்கிறது? லிட்டருக்கு 10 கிலோமீட்டர் தரும் வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் நிமிடத்துக்கு 100 மில்லி பெட்ரோல் குழாய் வழியே ஓடும். நின்றபடி ஐடிலிங்கில் ஓடும்போது அது சுமார் ஐந்தில் ஒரு பங்காகக் குறைகிறது. அதே குழாய், அதே சூடு. பெட்ரோல் மட்டும் அங்கே ஐந்து மடங்கு நேரம் தங்குகிறது. எதிர்க்காற்றும் நின்றுவிடுகிறது. அம்பாசடரின் பழைய 1489 சிசி எஞ்சினில் கார்புரேட்டரும் புகை வெளியேறும் மேனிபோல்டும் ஒரே பக்கத்தில் இருப்பதால் நிலைமை இன்னும் மோசம்.

பெட்ரோல் ஒரே பொருள் அல்ல. பல ஹைட்ரோகார்பன்களின் கலவை. அதில் மிக லேசானவை 40 டிகிரிக்கு அருகிலேயே கொதிக்கத் தொடங்கும். மதுரையின் கத்திரி வெயிலில் காற்றே அந்த அளவைத் தொட்டுவிடுகிறது. பத்மினியில் பெட்ரோல் பம்ப் எஞ்சினின் உடம்பிலேயே பொருத்தப்பட்டிருக்கிறது. பின்னாலிருக்கும் டாங்கிலிருந்து அது உறிஞ்சி இழுக்கிறது. உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் இறங்கும். குழாய்க்குள் ஆவிக் குமிழிகள் நிறைய, பம்பின் டயாபிரம் திரவத்தைத் தள்ளாமல் ஆவியை அமுக்கி விடுவதிலேயே ஓய்ந்துபோகிறது. இன்றைய கார்களில் பம்ப் டாங்குக்குள்ளேயே இருந்து பல மடங்கு அழுத்தத்தில் முன்னோக்கித் தள்ளுவதால் அவற்றுக்கு இந்தத் தொல்லை அரிது. கொடைக்கானல் ஏறும் பழைய வண்டிகள் மலைப்பாதையில் திணறுவதற்கும் இதுவே ஒரு காரணம்: ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, கீழ் கியரில் எஞ்சினோ உச்சச் சூட்டில்.

ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பில்டர் ஒன்றைக் குழாயில் பொருத்தி வைத்தால் குமிழிகள் கண்ணுக்கே தெரியும். பழைய டிரைவர்கள் பம்பின்மேல் ஈரத்துணி போடுவது வெறும் கைவைத்தியம் அல்ல. மண்பானைத் தண்ணீர் குளிரும் அதே விதிதான்: ஆவியாகும் நீர் சூட்டை வாங்கிக்கொண்டு போகிறது. மதுரையின் வறண்ட காற்றில் அது வேகமாகவே வேலை செய்யும். துணி போட்ட சில நிமிடங்களில் எஞ்சின் பிடித்தால் குற்றவாளி யார் என்பதும் தெரிந்துவிட்டது. துணியை பம்பிலும் குழாயிலும் மட்டும் போடுங்கள். கொதிக்கும் மேனிபோல்டில் தண்ணீர் பட்டால் வார்ப்பிரும்பு விரிசல் விடலாம்.

பெட்ரோல் சரியாக வந்தால் பார்வை காயில் பக்கம் திரும்ப வேண்டும். 12 வோல்ட்டை இருபதாயிரம் வோல்ட் அளவுக்கு உயர்த்தும் அந்தச் சிறு டப்பாவுக்குள் மெல்லிய செம்புக்கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியிருக்கிறது. செம்பின் மின்தடை டிகிரிக்குச் சுமார் 0.4 சதவீதம் ஏறும். 30-லிருந்து 90 டிகிரி போனால் ஏறக்குறைய கால் பங்கு கூடிவிடும். நல்ல காயில் இதைத் தாங்கும். கம்பியில் மயிரிழை முறிவு இருந்தால் சூட்டில் விரிந்து தொடர்பு அறுந்து, ஆறியதும் கூடிவிடும். டிஸ்ட்ரிபியூட்டரில் இருக்கும் கண்டன்சரும் இதே போல் சூட்டில் மட்டும் செயலிழக்கக்கூடியது. பிளாட்டினம் பாயிண்ட் கருகியிருந்தால் முதலில் கண்டன்சரைத்தான் சந்தேகிப்பேன். உதிரி பிளக் ஒன்றை ஒயரில் மாட்டி, எஞ்சின் உலோகத்தில் ஒட்டிப் பிடித்து ஸ்டார்ட்டரைச் சுழற்றச் சொல்லுங்கள். நீலமாகத் தெறித்தால் நல்லது, மஞ்சளாக மினுக்கினால் பலவீனம். பெட்ரோல் சோதனையையும் இதையும் ஒரே நேரத்தில் செய்யவே கூடாது. பெட்ரோல் ஆவிக்கு ஒரு பொறி போதும்.

டாங்க் மூடியின் காற்றுத்துளை அடைத்திருந்தாலும் கொஞ்ச தூரம் ஓடிய பின் வண்டி நிற்கும். மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தால் கோளாறு அதுதான். டப்பெட் இடைவெளி குறைந்திருந்தால் சூட்டில் வால்வு நீண்டு முழுதாக மூடாது. ஐடிலிங் மட்டும் நிலைக்காமல் போகும்.

2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்த 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் இப்போது எல்லா பங்க்குகளிலும் கிடைக்கிறது. அதற்காகச் செய்யப்படாத பழைய ரப்பர், எத்தனாலில் ஊறி உப்பும் அல்லது இறுகி வெடிக்கும். பம்பைத் திறக்கும்போது டயாபிரத்தையும் ரப்பர் குழாய்களையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுவது நல்லது. கூடவே குழாயை மேனிபோல்டிலிருந்து விலக்கிக் கட்டுங்கள், கார்புரேட்டருக்கு அடியில் சூடு கடத்தாத கனமான வாஷர் வையுங்கள், காயிலை எஞ்சினிலிருந்து தள்ளிப் பொருத்துங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் பிற்பகல் இரண்டு மணி வெயிலில், நெரிசலான தெருவில் ஓட்டிப் பாருங்கள்.