பேங்கொக்கில் பூட்டப்பட்ட பணம்: ஒரு தொலைபேசி இலக்கத்தின் கதை

2025 ஜூலையில் எங்கள் உம்மாவுக்கு இருதய சத்திரசிகிச்சை செய்ய வேண்டி வந்தது. கொழும்பில் தனியார் வைத்தியசாலை முற்பணம் கேட்டது. பணம் இல்லாமல் இல்லை. நானாவின் பேங்கொக் வங்கிக் கணக்கில் தேவைக்கு மேலாகவே இருந்தது. ஆனால் அதிலிருந்து ஒரு பாத்தைக்கூட அவரால் அனுப்ப முடியவில்லை. கடைசியில் மதினியின் வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின.

கணக்கில் எந்தக் குறையும் இல்லை. நானாவின் கையிலிருந்த தொலைபேசி இலக்கம் அவர் பெயரில் இல்லை என்பதுதான் பிரச்சினை.

நான் பாடசாலை ஆசிரியன், தொலைத்தொடர்பு நிபுணன் அல்ல. ஓகஸ்ட் விடுமுறையில் பேங்கொக் போய் நானாவோடு ஒரு வாரம் கருமபீடம் கருமபீடமாக அலைந்ததில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். பேருவளை, சீனன்கோட்டைப் பக்கம் தாய்லாந்தோடு தொடர்பில்லாத குடும்பங்கள் குறைவு. நம் நாட்டின் கெவுடா கல்லைச் சூளையில் சுட்டு நீலமாக்கும் வித்தையைத் தாய்லாந்துக்காரர் கைக்கொண்ட காலத்திலிருந்து, கல்லும் போகிறது, கல்லோடு நம்மவரும் போகிறார்கள். சீலோம் வீதிப் பக்கம் மஹேசக் வீதியில் நடந்தால் நம் பேச்சு காதில் விழும். ஆகவே இது ஒரு குடும்பத்தின் கதை மட்டுமல்ல.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தாய்லாந்தில் தொலைபேசி வசதி மோசம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இணைய வேகம் நமக்குப் பொறாமை தரக்கூடியது. விமான நிலையத்தில் இறங்கினால் கடவுச்சீட்டை வாங்கி, முகத்தைப் படம் பிடித்து, 5 நிமிடத்தில் சிம் அட்டையைப் போட்டுத் தருகிறார்கள். ஒரு வாரத்துக்குப் போய் வருபவருக்கு எந்தக் கஷ்டமும் இல்லை. வேலை அனுமதிப் பத்திரத்தோடு ஒரு கம்பனியில் வேலை செய்பவருக்கும் பெரிய கஷ்டம் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்தான் அகப்படுகிறார். வருடத்தில் நாலைந்து முறை போய், ஒவ்வொரு முறையும் சில வாரங்கள் தங்கி, அங்கே அறையும் கணக்கும் வைத்திருக்கும் நம்முடைய வியாபாரி அப்படியானவர்தான்.

காரணம் எளிது. தாய்லாந்துக் குடிமகன் ஒவ்வொருவருக்கும் 13 இலக்க அடையாள எண் இருக்கிறது. சிம் பதிவு, வங்கிக் கணக்கு, வீட்டு இணைய இணைப்பு, அரசாங்கச் செயலி எல்லாமே அந்த எண்ணைச் சுற்றித்தான் கட்டப்பட்டிருக்கின்றன. கடைக்காரர் அட்டையை ஒரு சிறு இயந்திரத்தில் செருகினால் பெயரும் முகவரியும் தானாக வந்து விழும். நம்மிடம் அந்த அட்டை இல்லை. நம் கடவுச்சீட்டு எண் ஒரு ஆங்கில எழுத்தில் தொடங்கி ஏழு இலக்கங்களில் முடிகிறது. நானா இணையத்தில் நிரப்பப் பார்த்த படிவம் எழுத்தை ஏற்கவில்லை. 13 இலக்கங்களைக் கேட்டுக்கொண்டே இருந்தது. அங்கே நிரந்தரமாகக் குடியிருக்கும் சில வெளிநாட்டவருக்கு இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு அட்டை உண்டு, அதில் 13 இலக்க எண்ணும் உண்டு. வந்து போகிறவருக்கு அது கிடைக்காது.

அடுத்தது பெயர். தாய்லாந்தில் குடும்பப் பெயர் வைப்பது 1913இல் சட்டமாக்கப்பட்டது. அன்றிலிருந்து அவர்களுடைய படிவங்களில் ஒரு பெயர், ஒரு குடும்பப் பெயர், அவ்வளவுதான். நம் பெயர்களோ வாப்பாவின் பெயரும் சொந்தப் பெயருமாக நான்கு சொற்கள் வரும். அதில் மொஹமட் இரண்டு முறை வரும். ஆங்கிலத்தில் அந்த ஒரு சொல்லை எத்தனை விதமாக எழுதுகிறோம் என்பதை வகுப்பு இடாப்பு எழுதும் எந்த ஆசிரியரிடமும் கேளுங்கள். நானாவின் விடயத்தில் வங்கி கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்திருந்தது. தொலைபேசிக் கம்பனியின் கருமபீடத்தில் இருந்த பெண் முதற்சொல்லை எடுத்தார். மனிதக் கண்ணுக்கு இரண்டும் ஒரே ஆள். கணினிக்கு இரண்டு ஆட்கள்.

சரி, அவருடைய இலக்கம் ஏன் வேறொருவர் பெயரில் இருந்தது? அவர் அதை வாங்கியது 2012இல். அப்போது பெட்டிக்கடையில் காசைக் கொடுத்தால் சிம்மைக் கையில் தருவார்கள், பெயர் கேட்க மாட்டார்கள். 2015இல் முற்கொடுப்பனவு சிம் எல்லாவற்றையும் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று அறிவித்தார்கள். நானா அந்த நேரம் ஊரில் இருந்தார். அவர் தங்கும் அறையின் கீழே கடை வைத்திருந்த தாய்லாந்துப் பெண்மணி, இலக்கம் வெட்டுப்பட்டுவிடக் கூடாதே என்ற நல்ல எண்ணத்தில் தன்னுடைய அட்டையில் பதிந்துவிட்டார். அந்த உதவியை நானா இன்றும் நன்றியோடுதான் சொல்கிறார். நம்மவர் பலருடைய இலக்கங்கள் இப்படித்தான் கடைக்காரர் பெயரிலும் அறைக்காரர் பெயரிலும் கிடக்கின்றன.

பத்து வருடம் ஒன்றும் ஆகவில்லை. பிறகுதான் மோசடிக் காலம் வந்தது. தொலைபேசியில் பொலிஸ் என்று பேசிப் பணம் பறிக்கும் கும்பல்கள் தாய்லாந்தில் இலட்சக்கணக்கானவரைத் தொட்டன. அவர்களுடைய ஆயுதம் இரண்டு: பிறர் பெயரில் உள்ள சிம், பிறர் பெயரில் உள்ள வங்கிக் கணக்கு. 2023 மார்ச்சில் இதற்கென அவசரச் சட்டம் கொண்டுவந்தார்கள். தன் பெயரிலுள்ள சிம்மையோ கணக்கையோ மோசடிக்குப் பயன்படும் என்று தெரிந்து அல்லது தெரிந்திருக்க வேண்டிய நிலையில் பிறருக்குக் கொடுத்தால் 3 வருடம் வரை சிறை, 3 இலட்சம் பாத் வரை அபராதம். 2025இல் அடுத்த படி: வங்கிச் செயலியோடு இணைந்திருக்கும் தொலைபேசி இலக்கத்தின் உரிமையாளரும் கணக்கின் உரிமையாளரும் ஒரே ஆளாக இருக்க வேண்டும். அதைச் சரிசெய்ய ஏப்ரல் இறுதி தவணை. அறிவித்தல் நானாவின் தொலைபேசிக்கும் குறுஞ்செய்தியாக வந்திருக்கிறது, தாய் மொழியில். தவணைத் திகதியில் வருடம் 2568 என்று இருந்தது. நம் நாட்டுப் பௌத்த வருடக் கணக்கிலிருந்து அவர்களுடையது வேறுபடுவதால் அது எந்த வருடம் என்று எனக்கே ஒரு நிமிடம் பிடித்தது. நானா அதை ஏதோ விளம்பரம் என்று அழித்துவிட்டார்.

இந்தச் சட்டங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தாய்லாந்தின் மே சொட் நகரத்துக்கு எதிரே, ஆற்றுக்கு அப்பால் மியன்மாரின் மியாவடிப் பக்கத்து மோசடி முகாம்களில் நம் நாட்டு இளைஞர்களும் அடைபட்டுக் கிடந்ததை நாம் செய்திகளில் பார்த்தோம். கணினி வேலை என்று ஏமாற்றி அழைத்துப் போனார்கள். 2025 பெப்ரவரியில் அந்தப் பகுதிகளுக்கான மின்சாரத்தையும் இணையத்தையும் தாய்லாந்து துண்டித்ததும் இதே போராட்டத்தின் ஒரு பகுதிதான். ஆனால் வலை விரிக்கும்போது எந்த மீன் அகப்படும் என்பதையும் பார்க்க வேண்டும். பெரிய கும்பலிடம் போலி அடையாளம் வாங்கப் பணம் இருக்கிறது. நானாவிடம் இருந்தது தன் உண்மையான கடவுச்சீட்டு மட்டும்.

தாய்லாந்தின் தெற்கில் வாழும் மலாய் முஸ்லிம்களுக்கு இது நம்மைவிட முன்பே பழகிய வலி. நாடு முழுவதும் 2017 டிசம்பரில் சிம் பதிவுக்கு முகப்படம் அல்லது விரலடையாளம் வந்தது. பட்டானி, யாலா, நராதிவாட் மாகாணங்களிலும் சொங்க்லாவின் நான்கு மாவட்டங்களிலும் ஏற்கெனவே சிம் வைத்திருந்தவர்களையும் முகத்தைப் பதியச் சொன்னார்கள். குண்டுகளை வெடிக்கவைக்கத் தொலைபேசி பயன்படுகிறது என்பது காரணம். பதியாத இலக்கங்கள் 2020இல் துண்டிக்கப்பட்டன. அவர்கள் வெளிநாட்டவர் அல்ல, 13 இலக்க அட்டை உள்ள குடிமக்கள்.

நானாவின் கதைக்கு வருகிறேன். இலக்கத்தைப் பெயர் மாற்றப் பழைய உரிமையாளரும் புதியவரும் சேர்ந்து கருமபீடத்துக்கு வர வேண்டும் என்றார்கள். அந்தப் பெண்மணி கடையை மூடிவிட்டு வடகிழக்கில் தன் ஊரான கொன் கேனுக்குப் போய் மூன்று வருடம். புதிய இலக்கம் எடுத்து வங்கியில் மாற்றலாம் என்றால், வங்கியில் இருந்தது நானாவின் பழைய கடவுச்சீட்டு எண். பழைய கடவுச்சீட்டு ஊரில் அலுமாரியில் இருந்தது. நான் விமானத்தில் கொண்டுபோன முக்கியமான பொருள் அதுதான்.

வங்கிக் கிளையில் இரண்டு கடவுச்சீட்டையும், வங்கிப் புத்தகத்தையும், புதிய இலக்கத்தின் பதிவுச் சான்றையும் வைத்தோம். பெயர் வரிசை பொருந்தவில்லை என்று திரும்பத் தொலைபேசிக் கம்பனிக்கு அனுப்பினார்கள். அங்கே திருத்தி வந்தால் மேலாளர் விடுமுறை. மூன்றாம் நாள் பணத்தைக் கருமபீடத்தில் காசாக எடுக்க விட்டார்கள். கருமபீடங்களில் ஒருவர்கூட எங்களோடு முகம் சுளிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சிரித்தபடியேதான் முடியாது என்றார்கள்.

அறைக்கு இணைய இணைப்பு எடுக்கப் பார்த்தபோது நடந்ததையும் சுருக்கமாகச் சொல்கிறேன். வீட்டு இணைப்புக்குப் பெரும்பாலும் 12 மாத ஒப்பந்தம். வெளிநாட்டவர் என்றால் வேலை அனுமதி கேட்பார்கள், இல்லாவிட்டால் முழு வருடக் கட்டணத்தை முன்கூட்டியே கேட்பார்கள், அல்லது வீட்டுக்காரர் பெயரில் எடுக்கச் சொல்வார்கள். தேர்ந்தெடுக்கக் கம்பனிகளும் குறைந்துவிட்டன. 2023இல் ட்ரூவும் டீடாக்கும் ஒன்றாயின. அதே வருடம் ஏஐஎஸ் 3பிபியை வாங்கியது. மிஞ்சியது அந்த இரண்டும் அரசாங்கத்தின் என்டியும்தான். நாங்கள் வீட்டுக்காரரின் வைஃபையிலேயே இருந்துவிட்டோம்.

போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. இலக்கம் யார் பெயரில் இருக்கிறது என்று கம்பனியின் சேவை நிலையத்தில் கடவுச்சீட்டோடு போய் இப்போதே பாருங்கள்; பெயர் கொடுத்த ஆள் பக்கத்தில் இருக்கும்போது மாற்றுவது அரைமணி வேலை. கடவுச்சீட்டைப் புதுப்பித்தால் பழையதை எறிய வேண்டாம். அடுத்த பயணத்தில் இரண்டையும் கொண்டுபோய் வங்கியிலும் தொலைபேசிக் கம்பனியிலும் எண்ணை மாற்றுங்கள். சுற்றுலா சிம்மை வங்கிக்குக் கொடுக்காதீர்கள். 2025இல் வந்த விதிகளின்படி அதன் ஆயுள் கூடியது 60 நாள். இங்கிருந்தே வாங்கிப் போகும் இ-சிம் பலவற்றில் டேட்டா மட்டுமே இருக்கும், தாய்லாந்து இலக்கம் இருக்காது, ஆகவே வங்கியின் ஓ.டி.பி. வராது. சாதாரண முற்கொடுப்பனவு சிம்மில் பணம் மிஞ்சியிருந்தாலும் நாள் முடிந்தால் இலக்கம் போய்விடும், பிறகு அதே இலக்கம் வேறொருவருக்கு விற்கப்படும். ஊருக்கு வருமுன் நாட்களைக் கூட்டி ரீலோட் செய்துவிட்டு வாருங்கள். கம்பனி காதில் போட்டுக்கொள்ளாவிட்டால் தொலைத்தொடர்பு ஆணைக்குழுவின் முறைப்பாட்டு இலக்கம் 1200. இவ்வளவுக்கும் மேலாக, நல்ல மனதோடுகூட உங்கள் பெயரிலுள்ள சிம்மை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு வராதீர்கள். அந்தக் கடைக்காரப் பெண்மணி செய்தது உதவி. இன்று அதே உதவியைச் செய்தால் அவர் பொலிஸுக்குப் பதில் சொல்ல வேண்டி வரலாம்.

உம்மா இப்போது நலம், மாடிப்படி ஏறுகிறார். வளையல்களை ஓகஸ்ட் கடைசியில் மீட்டோம். நானாவின் பழைய இலக்கம் இன்னும் கொன் கேன் பெண்மணியின் பெயரில்தான் இருக்கிறது. பன்னிரண்டு வருடமாக வாங்குகிறவர்கள் எல்லோரிடமும் அந்த இலக்கம்தான் உண்டு என்பதால் அவருக்கு அதை விட மனமில்லை. அடுத்த பயணத்தில் பஸ் ஏறி அந்தம்மாவைத் தேடிப் போகப் போகிறாராம்.