எக்ஸ்ரே எடுப்பவருக்கு கணக்கு உண்டு! எடுத்துக் கொள்பவருக்கு?

கடையநல்லூர்-

வளைகுடா வேலைக்குப் புறப்படும் கடையநல்லூர் வாலிபருக்கு பாஸ்போர்ட், விசாவோடு இன்னொன்றும் வேண்டும். நெஞ்சு எக்ஸ்ரே! காசநோய் இருக்கிறதா என்று பார்க்கத்தான். இங்கே ஒரு முறை. அங்கே போய் இறங்கியதும் பல நாடுகளில் மறுபடியும் ஒரு முறை.

"அடிக்கடி எடுத்தா உடம்புக்கு ஆகாதாமே?" என்று வீட்டுப் பெண்கள் கவலைப்படுவது உண்டு.

அந்தப் படத்துக்குப் பயம் வேண்டாம். கதிர்வீச்சை மில்லிசீவர்ட் என்ற அளவில் கணக்கிடுகிறார்கள். ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயில் ஏறுவது 0.02 முதல் 0.1 வரைதான். மண்ணில் இருந்தும் வானத்தில் இருந்தும், சும்மா இருக்கிற மனிதனுக்கே ஆண்டுக்கு சராசரியாக 2.4 வந்து சேருகிறது!

கவனிக்க வேண்டியது சி.டி. ஸ்கேன்.

127 எந்திரங்கள்

தமிழ்நாட்டில் 127 சி.டி. ஸ்கேன் எந்திரங்களை 2 ஆண்டுகளாக இடம் இடமாகப் போய் அளந்தார்கள். செலவு, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துடையது. மனிதனுக்குப் பதிலாக 32 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள பிளாஸ்டிக் உருளையை எந்திரத்துக்குள் வைத்து சோதித்தார்கள். 127-ல் 17 எந்திரங்கள் பழசைப் புதுப்பித்தவை.

2011-ல் முடிவு வெளியானது. சராசரியாக நெஞ்சு ஸ்கேனுக்கு 8.04 மில்லிசீவர்ட். வயிற்றுக்கு 6.69. இடுப்புக்கு 4.79. அதாவது ஒரு நெஞ்சு ஸ்கேன், குறைந்தது 80 நெஞ்சு எக்ஸ்ரேக்கு சமம்!

சட்டையில் பேட்ஜ்

எக்ஸ்ரே அறை ஊழியரின் நெஞ்சில் ஒரு பேட்ஜ் தொங்கும். அவர் மீது எவ்வளவு கதிர் பட்டது என்பதை அது பிடித்து வைத்துக்கொள்ளும். 3 மாதத்துக்கு ஒரு தடவை ஆய்வுக்கூடத்துக்குப் போகும். 5 ஆண்டு சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்டைத் தாண்டக்கூடாது.

மேஜையில் படுக்கும் நோயாளிக்கு? பேட்ஜும் இல்லை. உச்சவரம்பும் இல்லை!

காரணம் நியாயமானதுதான். தென்காசி ரோட்டில் லாரி மோதி, மண்டை உடைந்து வருகிறவரிடம் "உங்க கோட்டா முடிஞ்சு போச்சு அண்ணாச்சி" என்று சொல்ல முடியுமா? அதனால்தான் ஆளுக்குப் போடாமல் எந்திரத்துக்குக் கோடு போட்டார்கள். ஸ்கேன் முடிந்ததும் எந்திரத்தின் திரையில் டி.எல்.பி. என்று ஒரு எண் வரும். நெஞ்சு ஸ்கேனுக்கு அந்த ஆய்வு போட்ட கோடு 557. ஓர் எந்திரம் வழக்கமாக இதைத் தாண்டினால், எங்கே கோளாறு என்று பார்த்து சரி செய்ய வேண்டும்.

அந்த எண்ணை ரிப்போர்ட்டில் ஒரு வரி எழுதச் சொல்லி எத்தனை பேர் கேட்கிறோம்?

பழைய படம் எங்கே?

கடையநல்லூரில் ஒரு படம். தென்காசியில் ஒன்று. பிறகு பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் இன்னொன்று. "பழைய படம் எங்கே?" என்று டாக்டர் கேட்டால், "பரண்ல கிடக்கும் சார்" என்பது பதில். அப்புறம் என்ன, புதுசாக இன்னொரு ஸ்கேன்! காசும் போச்சு, கதிரும் ஏறிச்சு.

டாக்டர் அவசியம் என்று சொன்னால் தயங்காமல் எடுத்துக்கொள்ள வேண்டும். பழைய பிலிமையும் சி.டி.யையும் ஒரே பையில் போட்டு, ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கையோடு கொண்டு போனால் போதும். குழந்தைகளின் உடம்பைக் கதிர் கூடுதலாகப் பாதிக்கும். அவர்களுக்கு ஸ்கேன் என்றால், குழந்தைக்கு ஏற்ற அளவு வைக்கிறார்களா என்று கேட்பதில் தப்பில்லை. கர்ப்பமாக இருக்கலாம் என்று சந்தேகம் உள்ள பெண்கள், அறைக்குள் நுழையும் முன்பே ஊழியரிடம் சொல்லிவிட வேண்டும்.