இடப்பெயர்வுக் குறும்படங்களில் முடிவெடுக்கும் உரிமை: நான்கு படங்களை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

போர், நாடுகடத்தல், நடமாட்டத் தடை ஆகியவற்றால் அலைக்கழிக்கப்படும் எளிய மனிதர்களைப் பற்றிய குறும்படங்கள், அவர்களை ஓர் இக்கட்டான முடிவின் முன் நிறுத்துகின்றன. அம்முடிவை எடுக்கும் உரிமை உண்மையில் யார் கையில் இருக்கிறது என்பதை 2015 முதல் 2020 வரை வெளிவந்த நான்கு படங்களின் வழி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: குறும்படம், இடப்பெயர்வு, குடியுரிமை, சோதனைச்சாவடி, அறத்தடுமாற்றம்

முன்னுரை

பெயர்ப்பட்டியல் உட்பட 40 நிமிடங்களுக்கு மிகாத படத்தையே ஆஸ்கார் விருது விதிகள் குறும்படம் எனக் கொள்கின்றன. வேர்பிடுங்கப்பட்ட ஒரு குடும்பத்தின் நெடும்பயணத்தை முழுமையாகச் சொல்ல இக்கால அளவு போதாது. எனவே இத்தகைய படங்கள், பயணத்தின் ஒரு கணத்தைத் தேர்ந்துகொண்டு, அக்கணத்தில் ஒருவர் என்ன செய்வார் என்னும் வினாவையே கதையாக்குகின்றன. ஜேமி டொனஹுவின் ‘ஷோக்’ (2015), செலிம் அஸ்ஸாஸியின் ‘உள்ளிருக்கும் எதிரிகள்’ எனப் பொருள்படும் பிரெஞ்சுப் படம் (2016), தோமர் ஷுஷானின் ‘ஒயிட் ஐ’ (2019), ஃபரா நபுல்சியின் ‘தி பிரசன்ட்’ (2020) ஆகிய நான்கும் இவ்வகையைச் சார்ந்தவை. நான்குமே ஆஸ்கார் விருதின் குறும்படப் பிரிவில் இறுதிப் பரிந்துரை பெற்றவை.

இடப்பெயர்வு என்னும் சொல்லின் விரிவு

1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை, துன்புறுத்தலுக்கு அஞ்சித் தன் நாட்டுக்கு வெளியே வாழ்பவரையே அகதி என வரையறுக்கிறது. இப்படங்களின் மாந்தர் பலர் இவ்வரையறைக்குள் அடங்குவதில்லை. ‘தி பிரசன்ட்’ படத்தின் யூசுஃப் மேற்குக் கரையில் தன் சொந்த வீட்டில் வாழ்கிறார்; ஆயினும் வீட்டுக்குச் செல்லும் வழி அவருடையதாக இல்லை. அஸ்ஸாஸியின் நாயகர் அல்ஜீரியாவில், அது பிரான்சின் ஆட்சியில் இருந்த காலத்தில் பிறந்தவர். அந்நாடு 1962இல் விடுதலை பெற்றது. நெடுங்காலம் பிரான்சில் வாழ்ந்த பின்னரும் அவர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டியிருக்கிறது. அவர் இடம் மாறியதைக் காட்டிலும், எல்லைகள் அவரைக் கடந்து சென்றன என்பதே பொருத்தமாகும். ஆகவே இடப்பெயர்வு என்பதை ஊர்விட்டு ஊர் செல்லுதல் என்று மட்டும் கொள்ளாமல், ஓரிடத்தில் இயல்பாக இருக்கும் உரிமையை இழத்தல் என விரித்துக் கொள்வது பொருந்தும்.

பொருள்களின் வழி உணர்த்தல்

கருப்பொருளைக் கொண்டு உரிப்பொருளை உணர்த்துவது தமிழ் அகமரபு நன்கறிந்த முறை. இக்குறும்படங்களும் அன்றாடப் பொருள் ஒன்றின்மீதே கதையின் முழுப் பாரத்தையும் ஏற்றுகின்றன.

கொசோவோப் போர்க் காலத்தில் நிகழும் ‘ஷோக்’ படத்தில் அப்பொருள் ஒரு சைக்கிள். அல்பேனிய மொழியில் தலைப்பின் பொருள் ‘நண்பன்’ என்பதாகும். சிறுவன் பெட்ரிட் செர்பியச் சிப்பாய்களிடம் சிகரெட் சுருட்டும் தாள்களை விற்றுக் காசு பார்க்கிறான். நண்பன் ஒக்கியையும் உடன் அழைத்துச் செல்கிறான். அதன் விளைவாக ஒக்கியின் சைக்கிளைச் சிப்பாய்கள் பறித்துக்கொள்கின்றனர். ஒரு குழந்தையின் உடைமையில் தொடங்கும் பறிப்பு, வீடு, ஊர், உயிர் எனப் படிப்படியாக வளர்கிறது. ஊரார் விரட்டப்படும் நாளில் ஒக்கி சுட்டுக் கொல்லப்படுகிறான்.

‘தி பிரசன்ட்’ படத்தில் அப்பொருள் ஒரு குளிர்பதனப் பெட்டி. திருமண நாள் பரிசாக மனைவிக்கு அதை வாங்க யூசுஃப் தன் மகள் யாஸ்மினுடன் புறப்படுகிறார். போகும்போதும் வரும்போதும் சோதனைச்சாவடியைக் கடக்க வேண்டும். மனிதர் நுழையும் குறுகிய வாயிலில் பெட்டி நுழையாது. வண்டிச்சாலை வழியே கொண்டுசெல்லச் சிப்பாய்கள் விடுவதில்லை. வேறிடத்தில் கடைக்காரரின் வேலையாள் தீர்த்துவைக்கக்கூடிய சிக்கல், இங்குத் துப்பாக்கி முனைவரை செல்கிறது. முதுகுவலியுடன் நாள் முழுதும் பொறுத்துக்கொண்ட தந்தை, மகள் எதிரிலேயே நிதானம் இழக்கிறார்.

முடிவு யாருடையது?

இப்படங்களைக் கடினமான முடிவுகளின் கதைகள் என வகைப்படுத்துவது எளிது. ஆனால் முடிவெடுக்க ஒருவருக்குக் குறைந்தது இரண்டு வழிகளேனும் திறந்திருக்க வேண்டும். அஸ்ஸாஸியின் படம் இதனை மிகக் கூர்மையாக ஆராய்கிறது. அல்ஜீரிய உள்நாட்டுப் போரின் தாக்கம் பிரான்சிலும் உணரப்பட்ட 1990களில், குடியுரிமை நேர்காணலுக்கு வந்தவரிடம் பள்ளிவாசலில் கூடியவர்களின் பெயர்களை அதிகாரி கேட்கிறார். பெயர்களைச் சொன்னால் பிறர் சிக்குவர். மறைத்தால் அவரே நாட்டுக்கு எதிரியாகக் கருதப்படுவார். கேட்கும் அதிகாரியும் அதே வேர்களைக் கொண்டவர் என்பது காட்சியின் கடுமையைக் கூட்டுகிறது. இங்கு வழங்கப்படுவது முடிவெடுக்கும் உரிமைபோலத் தோன்றினும், இரு வழிகளையும் வகுத்தது அரசே. பதிலளிப்பவரைத் துரோகி எனவோ தியாகி எனவோ மதிப்பிடும் பார்வையாளர், கேள்வி கேட்டவரை மறந்துவிடுகிறார்.

‘ஒயிட் ஐ’ இவ்வமைப்பைத் தலைகீழாக்குகிறது. டெல் அவிவ் நகரில் ஓமர் தன் திருடுபோன சைக்கிளைக் கண்டுபிடிக்கிறார். எரித்திரியாவிலிருந்து வந்த தொழிலாளியான யூனஸ் அதைப் பணம் கொடுத்து வாங்கியதாகக் கூறுகிறார். எரித்திரியாவில் 18 மாதங்கள் எனச் சட்டத்தில் குறிக்கப்பட்ட தேசியப் பணி, காலவரையின்றி நீட்டிக்கப்பட்டதே அங்கிருந்து பலர் வெளியேறக் காரணம். ஓமர் காவல்துறையை அழைத்ததும், சைக்கிள் வழக்கு யூனஸின் விசா விசாரணையாக மாறுகிறது. அழைத்தவர் அதை நிறுத்த விரும்பியும் இயலவில்லை. ஒரே தொடர்காட்சியாகப் படமாக்கப்பட்டிருப்பதால், நடந்ததைத் திருத்திக்கொள்ளும் இடைவெளி ஓமருக்கும் இல்லை, பார்வையாளருக்கும் இல்லை. இறுதியில் ஓமர் அந்தச் சைக்கிளையே இரண்டாக அறுக்கிறார்.

இப்படத்தின் வரம்பையும் சுட்டுதல் வேண்டும். முடிவும் குற்றவுணர்வும் உரிமையுள்ள குடிமகனுக்கே உரியனவாகின்றன. வாழ்க்கையை இழக்கும் யூனஸ் அவருடைய மனச்சான்றைச் சோதிக்கும் கருவியாகச் சுருங்குகிறார். எனினும், உதவ விரும்பும் சட்டபூர்வக் குடிமகனின் ஒரு தொலைபேசி அழைப்பு எவ்வளவு வலிமை வாய்ந்தது என்பதை வேறெப்படமும் இத்துணைத் தெளிவாகக் காட்டவில்லை எனலாம்.

‘தி பிரசன்ட்’ மற்றொரு விடையைத் தருகிறது. பெரியவர்கள் கத்திக்கொண்டிருக்கையில், யாஸ்மின் பெட்டி வைத்த தள்ளுவண்டியைத் தானே தள்ளிக்கொண்டு வண்டிச்சாலையில் நடக்கத் தொடங்குகிறாள். அவள் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. வகுக்கப்பட்ட இரு வழிகளுக்கும் அப்பால் மூன்றாவது வழி ஒன்று திறக்கிறது. ஆயினும் அதைத் திறந்தவள் ஒரு குழந்தை என்பதே அதன் துயரமும் ஆகும். காலையில் தந்தை அடைத்துவைக்கப்பட்டதைக் கண்டு நடுங்கியவள், மாலைக்குள் வயதுக்கு மீறிய துணிவைக் கற்றுவிட்டாள்.

முடிவுரை

இந்நான்கு படங்களையும் ஒருங்குவைத்து நோக்கும்போது, எளிய மனிதர் எடுக்கும் முடிவைவிட, அம்முடிவை அவர்மீது சுமத்திய அமைப்பே கதையின் மையம் என்பது புலனாகிறது. அவர் சரியாகச் செய்தாரா எனக் கேட்பது அமைப்பின் கேள்வியை நாமும் திரும்பக் கேட்பதாகும். சைக்கிளை எடுத்தவர் யார், வாயிலைக் குறுக்கியவர் யார், பெயர்களைக் கேட்டவர் யார் என வினவும் வாசிப்பே இக்குறும்படங்களுக்கு நியாயம் செய்யும்.