நாற்பதைக் கடந்தபின் மீண்டும் பழைய வேகம்

“பழைய மாதிரி ஒரு பாட்டுப் போடக்கூடாதா?” என்று கேட்பது ரசிகர்களுக்கு எளிது. இருபது ஆண்டுகளுக்கு முன், இளவயதில் செய்ததை நடுவயதில் திரும்பச் செய்வது கலைஞர்களுக்கு அவ்வளவு எளிதில்லை. உடல் மாறியிருக்கும், மனம் மாறியிருக்கும், உடன் வாசித்தவர்களில் சிலர் இருக்கமாட்டார்கள்.

அந்த வேலையைத் துணிந்து செய்து, பெருமளவு வெற்றியும் பெற்ற குழுக்களில் ஒன்று அமெரிக்காவின் மெட்டாலிக்கா. 2008 செப்டம்பரில் வெளிவந்த ‘டெத் மேக்னெட்டிக்’ என்ற இசைத்தொகுப்பில் அவர்கள் 1980களின் தங்கள் பாணிக்குத் திரும்பினார்கள். அதை நான் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். ஒரு குழு ஏன் திரும்பிப் போகிறது, எவ்வளவு தூரம் திரும்ப முடிகிறது என்ற இரு கேள்விகளுக்கும் அதில் பதில் இருக்கிறது.

அண்ணனின் ஒலிநாடாக்கள்

எங்கள் வீவக வீட்டில் காலையில் வானொலியில் பக்திப் பாடல்கள், மாலையில் இளையராஜா, இரவில் அண்ணனின் மெட்டாலிக்கா. “என்னடா இது, தகர டப்பாவை உருட்டுற மாதிரி!” என்று அப்பா சத்தம் போடுவார். அண்ணன் கதவைச் சாத்திக்கொள்வான். நான் கதவுக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டு வளர்ந்தவள்.

அண்ணனிடம் இருந்த ஒலிநாடாக்களில் மிகவும் தேய்ந்துபோனது 1986இல் வந்த ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’. எட்டே பாடல்கள், ஏறக்குறைய 55 நிமிடம். தலைப்புப் பாடல் மட்டும் எட்டரை நிமிடத்தைத் தாண்டும். வேகமாகத் தொடங்கி, நடுவே மெல்லத் தணிந்து, கிட்டார் தனியே பேசி, மறுபடியும் வேகம் பிடிக்கும். வெறும் இரைச்சல் என்று அப்பா நினைத்த அந்தப் பாட்டுக்குள் இப்படி ஓர் ஒழுங்கு இருப்பதை அண்ணன்தான் எனக்கு விரல்விட்டு எண்ணிக் காட்டினான்.

உச்சியும் சறுக்கலும்

டென்மார்க்கிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த லார்ஸ் உல்ரிச் என்ற இளைஞர் லாஸ் ஏஞ்சலிஸ் இதழ் ஒன்றில் கொடுத்த விளம்பரத்துக்கு ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் பதில் சொன்னதில் 1981இல் பிறந்தது இக்குழு. உல்ரிச் டிரம்ஸ் வாசிப்பவர். ஹெட்ஃபீல்ட் பாடகர், கிட்டார் கலைஞர். 1983இல் கர்க் ஹேமட் இன்னொரு கிட்டாருடன் சேர்ந்தார். ‘திராஷ் மெட்டல்’ என்ற அதிவேக இசைவகையை உலகறியச் செய்தவர்களில் இவர்கள் முதல் வரிசை.

1986 செப்டம்பர் 27ஆம் தேதி சுவீடனில் நடந்த பேருந்து விபத்தில் பேஸ் கிட்டார் கலைஞர் கிளிஃப் பர்டன் இறந்தார். அவருக்கு வயது 24. குழு கலைந்துவிடவில்லை. 1991இல் பாப் ராக் என்ற தயாரிப்பாளருடன் சேர்ந்து, பாடல்களைச் சுருக்கி, வேகத்தைக் குறைத்து, குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட தொகுப்பை வெளியிட்டார்கள். ரசிகர்கள் ‘பிளாக் ஆல்பம்’ என்று அழைக்கும் அது அமெரிக்காவில் மட்டும் 16 மில்லியனுக்கு மேல் விற்றது.

அங்கிருந்துதான் பழைய ரசிகர்களின் புலம்பல் தொடங்கியது. 1996இல் ‘லோட்’, அடுத்த ஆண்டு ‘ரீலோட்’. முடியை வெட்டிக்கொண்டார்கள், புளூஸ் சாயலில் வாசித்தார்கள். மோசமான இசை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அண்ணன் அந்த இரண்டையும் வாங்கவில்லை.

2001 குழுவுக்கு ஆக மோசமான ஆண்டு. பதினான்கு ஆண்டுகள் உடனிருந்த பேஸ் கலைஞர் ஜேசன் நியூஸ்டெட் விலகினார். ஹெட்ஃபீல்ட் குடிப்பழக்கத்திலிருந்து மீள மறுவாழ்வுச் சிகிச்சைக்குப் போனார். அடுத்த ஆண்டு திரும்பி வந்தவர் நண்பகல் 12 மணி முதல் மாலை 4 மணி வரை மட்டுமே வேலை செய்வேன் என்று நிபந்தனை விதித்தார். தான் இல்லாதபோது மற்றவர்களும் வேலையைத் தொடரக்கூடாது என்றார். உல்ரிச் கொதித்துப்போனார். குழுவுக்கென்று ஓர் உளவியல் ஆலோசகரை அமர்த்தினார்கள். இவை எல்லாவற்றையும் 2004இல் வெளியான ‘சம் கைண்ட் ஆஃப் மான்ஸ்டர்’ என்ற ஆவணப்படத்தில் பார்க்கலாம். இருபது ஆண்டுகள் ஒன்றாகத் தொழில் நடத்திய எந்தக் கூட்டாளிகளுக்கும் அது பழக்கமான சண்டையாகத் தெரியும்.

அந்தச் சூழலில் உருவானது 2003இன் ‘செயின்ட் ஆங்கர்’. அதில் தனி கிட்டார் வாசிப்பு ஓரிடத்திலும் இல்லை. டிரம்ஸில் ஸ்னேர் கம்பிகளைத் தளர்த்திவிட்டு வாசித்ததால் அடி ஒவ்வொன்றும் இரும்பு வாளியைத் தட்டுவதுபோல் கேட்டது. தலைப்புப் பாடலுக்குக் கிராமி விருது கிடைத்தது. ரசிகர்களில் பாதிப்பேருக்கு ஏமாற்றம்தான் கிடைத்தது.

திரும்பச் சொன்னவர்

அடுத்த தொகுப்புக்கு பாப் ராக்கை விட்டு ரிக் ரூபினிடம் போனார்கள். கலைஞர்களை அவர்களுடைய அடிப்படைக்கே கூட்டிச் செல்வதில் பேர்போனவர் ரூபின். மூத்த நாட்டுப்புறப் பாடகர் ஜானி கேஷை ஒற்றைக் கிட்டாருடன் உட்காரவைத்து 1994இல் ‘அமெரிக்கன் ரிக்கார்டிங்ஸ்’ தொகுப்பை உருவாக்கி அவருக்கு மறுவாழ்வு தந்தவர். 1986இல் ஸ்லேயர் குழுவின் ‘ரெய்ன் இன் பிளட்’ தொகுப்பைத் தயாரித்ததும் அவரே.

‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ காலத்தில் இருந்த மனநிலைக்குப் போங்கள் என்பதே ரூபின் அவர்களிடம் கேட்டுக்கொண்டது. அந்தப் பாடல்களை நகலெடுக்கச் சொல்லவில்லை. அப்போது எதைக் கேட்டீர்கள், எப்படி யோசித்தீர்கள், இன்னும் யாருக்கும் தெரியாத புதுக் குழுவாக இருந்தால் எதை வாசித்துக் காட்டுவீர்கள் என்று யோசிக்கச் சொன்னார். ‘இது நாம் முன்பே செய்தது’ என்று ஒதுக்கும் பழக்கத்தை விடச் சொன்னார். 1991க்குப் பிறகு ஒவ்வொரு தொகுப்பிலும் தங்களிடமிருந்தே தப்பி ஓடிக்கொண்டிருந்த நான்கு பேருக்கு அது ஒரு விடுதலை என்றே நினைக்கிறேன்.

வேலை செய்யும் முறையும் மாறியது. ‘செயின்ட் ஆங்கர்’ பாடல்கள் பெரும்பாலும் ஒலிப்பதிவுக் கூடத்திலேயே துண்டு துண்டாக உருவாகி, பிறகு கணினியில் ஒட்டப்பட்டவை. இம்முறை பாடல்களை முழுமையாக எழுதி, பழகி, கைக்குள் வந்த பிறகே ஒலிப்பதிவுக்குப் போனார்கள். 2003இல் சேர்ந்த ராபர்ட் ட்ருஹியோ முதல்முறையாக ஒரு முழுத் தொகுப்புக்குப் பேஸ் வாசித்தார்.

காதில் விழும் மாற்றங்கள்

அண்ணன் அந்தக் குறுவட்டை வாங்கி வந்த இரவு இருவரும் உட்கார்ந்து கேட்டோம். பத்துப் பாடல்கள், சுமார் 75 நிமிடம். அட்டையில் குழுவின் பழைய எழுத்துருவே திரும்பியிருந்தது. இரண்டாவது பாட்டு முடிவதற்குள், “சோலோ வந்துடுச்சு!” என்று அண்ணன் துள்ளினான். கர்க் ஹேமட்டின் தனி வாசிப்பைக் கேட்டு அவனுக்கு ஐந்தாண்டுப் பசி.

நான்காவது பாடல் ‘தி டே தட் நெவர் கம்ஸ்’. பழைய ரசிகர்களுக்கு இந்த நான்காம் இடத்தின் அர்த்தம் தெரியும். 1984இல் ‘ஃபேட் டு பிளாக்’, 1986இல் ‘வெல்கம் ஹோம்’, 1988இல் ‘ஒன்’, 1991இல் ‘தி அன்ஃபர்கிவன்’ என்று மெல்லத் தொடங்கும் சோகப் பாடல் எப்போதும் நான்காவதாகவே வந்தது. அதே இடத்தில், அதேபோல் அமைதியாகத் தொடங்கி, கடைசியில் பாய்ச்சலெடுத்து முடிகிறது இதுவும்.

ஒன்பதாவதாகப் பாடகரே இல்லாத ‘சூசைட் அண்ட் ரிடெம்ப்ஷன்’, ஏறத்தாழ பத்து நிமிடம். 1988க்குப் பிறகு ஒரு தொகுப்பில் அவர்கள் வைத்த முதல் கருவியிசை. கடைசியாக ‘மை அபாக்கலிப்ஸ்’, ஐந்து நிமிட வேகம். பழைய தொகுப்புகள் முடிவதும் இப்படித்தான். அதற்குக் கிராமியும் கிடைத்தது.

ஹெட்ஃபீல்டுக்கு அப்போது வயது 45. கிட்டார்க் கம்பிகளைக் கீழ்நோக்கி மட்டுமே, அதுவும் மிக வேகமாக மீட்டுவது அவருடைய முத்திரை. மணிக்கட்டுக்கு வேலை வைக்கும் அந்த மீட்டலை இருபது வயதுக் கையால் செய்வதும் நாற்பத்தைந்து வயதுக் கையால் செய்வதும் ஒன்றல்ல. இந்தத் தொகுப்பில் கை தளரவில்லை. குரல்தான் மாறியிருக்கிறது. இளவயதில் கத்தியவர் இதில் பாடுகிறார். குறையாகச் சிலர் சொல்வார்கள். எனக்கு அந்த வயது கேட்பது பிடித்திருக்கிறது.

திரும்ப முடியாத இடம்

ஆனால் ஒரு விஷயத்தில் ‘டெத் மேக்னெட்டிக்’ 1986க்குப் போகவில்லை. அதுவே பெரிய சர்ச்சையாகவும் ஆனது.

அந்தக் காலகட்டத்தில் குறுவட்டுகளை எவ்வளவு சத்தமாகத் தயாரிக்க முடியும் என்று நிறுவனங்களுக்குள் போட்டி. வானொலியில் தங்கள் பாட்டே மற்றவற்றைவிடத் தூக்கலாகக் கேட்க வேண்டும் என்பதற்காக, பாட்டின் மெல்லிய பகுதிகளையும் உரத்த பகுதிகளின் அளவுக்கு உயர்த்திவிடுவார்கள். எல்லையைத் தாண்டும் ஒலி வெட்டுப்பட்டுக் கரகரக்கும். திருமணத்தில் தொடக்கம் முதல் கெட்டிமேளமே முழங்கிக்கொண்டிருந்தால் தாலி கட்டும் நேரம் எது என்று எப்படித் தெரியும்? அதே சிக்கல்தான்.

ரசிகர்கள் இதைக் கண்டுபிடித்த விதம் வேடிக்கையானது. தொகுப்பு வெளியான அதே சமயத்தில் ‘கிட்டார் ஹீரோ’ என்ற காணொளி விளையாட்டிலும் பாடல்கள் வந்தன. விளையாடுபவர் ஒவ்வொரு கருவியையும் தனித்தனியே வாசிக்க வேண்டும் என்பதால் அதற்குத் தனித்தனி ஒலித்தடங்கள் கொடுக்கப்பட்டிருந்தன. கடைசிக் கட்ட அழுத்தம் அவற்றில் இல்லை. விளையாட்டில் கேட்ட பாட்டு, காசு கொடுத்து வாங்கிய குறுவட்டைவிடத் தெளிவாக இருந்தது. மீண்டும் ஒலிக்கலவை செய்து வெளியிடுங்கள் என்று பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இணையத்தில் கையெழுத்திட்டார்கள். இறுதி ஒலிச்சேர்க்கை செய்த டெட் ஜென்சன், தம் கைக்கு வரும்போதே பாடல்கள் அப்படித்தான் இருந்தன என்று தெரிவித்தார். உல்ரிச் தொகுப்பின் ஒலியை ஆதரித்தே பேசினார்.

வாசிப்பில் பழமைக்குத் திரும்பியவர்கள், ஒலிப்பதிவில் தங்கள் காலத்தின் பிடியிலிருந்து விடுபடவில்லை. 1986இன் ஒலிநாடாவில் கிட்டாருக்கும் டிரம்ஸுக்கும் நடுவே மூச்சுவிட இடம் இருந்தது. அந்த இடைவெளியும் பழைய ஓசையின் ஒரு பகுதிதான்.

மூன்று தலைமுறை ஒரே திடலில்

2009இல் இக்குழு ராக் அண்ட் ரோல் புகழரங்கத்தில் இடம்பெற்றது. 2013 ஆகஸ்டில் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் வாசித்துவிட்டு, 24ஆம் தேதி சிங்கப்பூர் சாங்கி கண்காட்சி நிலையத்துக்கு வந்தார்கள். 1993க்குப் பிறகு அவர்கள் இங்கு வாசித்தது அப்போதுதான். நானும் அண்ணனும் போனோம். நரைத்த தாடிகள், அலுவலகச் சட்டையை மாற்றாமலே வந்தவர்கள், அப்பாவின் கையைப் பிடித்திருந்த சிறுவர்கள். குழு மேடையேறுமுன் எப்போதும் ஒலிக்கும் எனியோ மோரிக்கோனேயின் ‘தி எக்ஸ்டசி ஆஃப் கோல்ட்’ தொடங்கியதும் அத்தனை பேரும் சொற்களே இல்லாத அந்த மெட்டைச் சேர்ந்து பாடினார்கள். 2017 ஜனவரியில் சிங்கப்பூர் உள்ளரங்கு விளையாட்டரங்கத்துக்கு மீண்டும் வந்தார்கள்.

2022இல் ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரின் நான்காம் பருவத்தில் ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ ஒலித்தபோது, 36 வயதான அந்தப் பாடல் அமெரிக்கத் தரவரிசையில் முதல் நாற்பதுக்குள் நுழைந்தது. அண்ணன் மகன் என்னிடம் வந்து, “அத்தை, இந்தப் பாட்டு உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டான். அண்ணன் பக்கத்து அறையிலிருந்து சிரித்த சிரிப்பு எனக்குக் கேட்டது.

எங்கிருந்து கேட்கலாம்?

புதிதாகக் கேட்பவர்களுக்கு என் பரிந்துரை இது. முதலில் 1986இன் ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ தலைப்புப் பாடல், தொடர்ந்து அதே தொகுப்பின் கருவியிசையான ‘ஓரியன்’. பிறகு ‘செயின்ட் ஆங்கர்’ தலைப்புப் பாடலை ஒருமுறையாவது கேளுங்கள். அதன் பிறகு ‘தி டே தட் நெவர் கம்ஸ்’. இந்த வரிசையில் கேட்டால், 2008இல் அண்ணன் ஏன் துள்ளினான் என்பது புரியும். நேரமிருந்தால் 2023இன் ‘72 சீசன்ஸ்’ தொகுப்பை முடித்துவைக்கும் ‘இனமொராட்டா’வையும் கேளுங்கள். பதினொரு நிமிடத்துக்கும் மேல் ஓடும் அதுவே இக்குழுவின் ஆக நீளமான பாடல். அறுபதை நெருங்கும் வயதில் அதை அவர்கள் அவசரமில்லாமல் வாசிக்கிறார்கள்.

பழைய பாணிக்குத் திரும்புவது சந்தைக்கான உத்தி என்று சொல்வோர் உண்டு. அப்படிச் செய்யும் குழுக்களும் உண்டு. இவர்களைப் பொறுத்தவரை, பிரிந்துபோகும் நிலையில் இருந்த நால்வர் ஒரே அறையில் நின்று மறுபடியும் சேர்ந்து வாசிக்கக் கண்ட வழி அது. குறுவட்டின் ஒலி கரகரத்தாலும் அந்த ஒற்றுமை அதில் பதிவாகியிருக்கிறது. ஒலியைக் கொஞ்சம் குறைத்துவைத்துக் கேளுங்கள், வீட்டில் பெரியவர்களும் இருப்பார்கள்.