நுண்ணுயிர் வளர்ப்பு முறைகள்

ஒரு நோயை உண்டாக்கும் கிருமி இதுவேயென்று துணிந்து கூறுதல் எப்பொழுது இயலும்? அக்கிருமி பிறவற்றோடு கலவாது தனித்துப் பிரித்தெடுக்கப்பட்ட பின்னரேயாம். கலப்புற்ற வளர்ப்பை ஆராய்ந்து பெறும் முடிபு, குற்றமற்றவனைக் குற்றவாளியாக்கும் தீர்ப்பை ஒக்கும். ஆதலின், வளர்ப்பு முறைகளை ஈண்டு ஒப்புநோக்குவாம்.

முதலாவது திரவ முறை. இறைச்சிச் சாறு போன்ற ஊட்டமுள்ள நீரை வெப்பத்தாற் கிருமி நீக்கி, ஆறிய பின் அதிற் கிருமியை இட்டால், அது பெருகி நீர் கலங்கும். பாஸ்ரர் பெரிதும் கையாண்ட முறை இதுவே. மிகுந்த விளைவுக்கு இதுவே ஏற்றது. பெனிசிலின் இன்றும் பெருந்தொட்டிகளில் இவ்வாறே விளைவிக்கப்படுகின்றது. ஆயின், ஈரினங்கள் புகுந்தால் அவை ஒன்றாய்க் கலந்துவிடும். 1878இல் லிஸ்ரர் புளித்த பாலை மிக ஐதாக்கி ஓரினத்தைத் தனிப்படுத்தினார். அது பெரும் பொறுமை வேண்டிய வழி.

இரண்டாவது திண்ம முறை. யேர்மனியில் றொபேட் கொக், அவித்த உருளைக்கிழங்கின் வெட்டுமுகத்திற் பல நிறப் புள்ளிகள் தோன்றக் கண்டார். அவற்றுள் ஒவ்வொன்றும் ஓரினத்தின் கூட்டம். பின்னர் 1881இல் அவர் ஜெலற்றினைப் பயன்படுத்தினார். அதுவோ உடல் வெப்பமாகிய 37 பாகை சென்ரிகிறேட்டில் உருகியது. சில கிருமிகள் அதனைக் கரைத்தும் விட்டன. இவ்விடர் தீர்த்தவர், கொக்கின் ஆய்வுகூடத்திற் பணிபுரிந்த ஒருவரின் மனைவியாரான பன்னி ஹெஸ்ஸே அம்மையார். தம் சமையலறையில் வழங்கிய ஏகாரை அவர் எடுத்துரைத்தார். நம்மவர் கடற்பாசியென்று சமைக்கும் பொருளே அது. ஏறக்குறைய 85 பாகை வரை அது உருகுவதில்லை. 1882இல் வெளிவந்த கசநோய்க் கட்டுரையிற் கொக் ஏகாரைக் குறித்தார். அம்மையாரின் பெயரைக் குறித்தாரல்லர். 1887இற் பெற்றி அமைத்த மூடிக் கிண்ணம் இம்முறையை நிறைவாக்கியது.

எனினும், மண்வாழ் நுண்ணுயிர்களுட் பெரும்பாலன கிண்ணத்தில் வளர்வதில்லை. எனவே, அவற்றைத் தனித்தனி நுண்ணறைகளில் இட்டு, சவ்வினால் மூடி, மண்ணுக்குள்ளேயே வளர்க்கும் முறை எழுந்தது. 2015இல் அறிவிக்கப்பட்ட ரெய்க்சோபக்ரின் என்னும் கிருமியெதிரி அதன் பேறாகும்.

தனித்தறிதற்குத் திண்மம், பெருக விளைத்தற்குத் திரவம், இரண்டிற்கும் அடங்காதவற்றிற்கு அவற்றின் உறைவிடம். யாது வேண்டுமென்பதை முதலில் தெளிந்து, அதன்பின் முறையைத் தேர்தலே மாணவர்க்கு அழகு. அங்ஙனம் தேர்கையில், சமையலறையிற் பிறந்த அறிவையும் இகழாதிருப்போமாக.