சாம்பியனும் சாம்பியனும் சேர்ந்தால் சாம்பியனா?

ராயபுரம், திருவொற்றியூர் மொட்டைமாடிக் கூண்டுகளில் வளரும் ஹோமர் புறாக்களைப் பந்தயத்துக்காக வடக்கே ஆந்திரப் பக்கம் கொண்டுபோய்த் திறந்துவிடுவார்கள். அவை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வீடு திரும்பும். வென்ற ஆணையும் வென்ற பெண்ணையும் ஜோடி போட்டால் குஞ்சும் வெல்லுமா? பல நேரம் இல்லை. ஏன்?

வேகம் ஒற்றை மரபணுவின் வேலை அல்ல. தசை, மூச்சு, திசையறிவு எனப் பல மரபணுக்கள் கூடிச் செய்வது. தாயிடம் பாதி, தகப்பனிடம் பாதி. எந்தப் பாதி என்பது முட்டைக்கு முட்டை மாறும். பந்தயக் குதிரை வளர்ப்பவர்களையும் திணறடிப்பது இதுதான்.

நிறத்தில் கணக்கு தெளிவு. புறாவில் ஆணுக்கு இரண்டு இசட் குரோமோசோம். பெண்ணுக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. மகளுக்கு இசட் தகப்பனிடமிருந்து மட்டுமே வரும். இந்த நிற மரபணு இசட்டில்தான் இருக்கிறது; சாம்பல்சிவப்பு நீலத்தை அடக்கும். ஆகவே தூய நீல ஆணுடன் சிறகில் செம்பட்டை உள்ள சாம்பல்சிவப்புப் பெண்ணைச் சேர்த்தால், மகள்கள் எல்லாம் நீலம், மகன்கள் எல்லாம் சாம்பல்சிவப்பு. இறகு முளைத்ததுமே ஆணா பெண்ணா என்று சொல்லிவிடலாம். எத்தனை அழகான விதி!

எப்படிச் சேர்ப்பது? சிறகை விரித்து, வெளிப்புறத்தில் இருக்கும் 10 பெரிய இறகுகளையும் பாருங்கள். ஜோடியில் ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்ட வேண்டும். உடன்பிறந்த ஜோடி வேண்டாம்: அவற்றின் குஞ்சில் சராசரியாக 25% மரபணு இணைகள் ஒரே பிரதியாகிவிடும், ஒளிந்திருந்த நோய்க்கூறுகள் வெளிவரும். கண்ணின் நிறம் பார்த்து ஜோடி போடுவதை நம்ப வேண்டாம். கால்வளைய எண்ணையும் தாய் தகப்பன் விவரத்தையும் நோட்டில் எழுதி வையுங்கள்.