சுழல்தண்டு என்கோடர்

சுழல்தண்டு என்கோடர் (ஸ்பிண்டில் என்கோடர்) என்பது சி.என்.சி. லேத்தின் சுழல்தண்டு எந்த வேகத்தில், எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதை மின்துடிப்புகளாகக் கட்டுப்பாட்டுக் கணினிக்குத் தெரிவிக்கும் உணரி ஆகும். சாதாரண லேத்தில் சுழல்தண்டையும் லீடு ஸ்குருவையும் பல்சக்கரங்கள் இணைக்கின்றன. சி.என்.சி. லேத்தில் அந்த இணைப்பு இல்லாததால், மரை வெட்டும்போது இரண்டையும் ஒத்திசைக்க என்கோடர் தேவைப்படுகிறது.

மரை ஒரே ஓட்டத்தில் முழு ஆழத்துக்கு வெட்டப்படுவதில்லை. ஒவ்வொரு ஓட்டத்திலும் உளி அதே கோணத்தில் நுழைய வேண்டும். தவறினால் முன்பு வெட்டிய மரை சிதைந்து, பொருள் வீணாகும். எனவே சுற்றுக்கு ஒருமுறை வரும் இசட் துடிப்பு இல்லாத என்கோடரை வாங்கக்கூடாது.

துடிப்பு எண்ணிக்கை கூடினால் துல்லியமும் கூடும் என்பது பாதி உண்மைதான். 1,024 துடிப்பு என்கோடரில் ஏ, பி ஆகிய இரு தடங்களின் ஏற்ற இறக்கங்களை எண்ணினால் சுற்றுக்கு 4,096 படிகள் கிடைக்கும். 2 மி.மீ. பிட்ச் உள்ள மரையில் ஒரு படி ஏறத்தாழ 0.0005 மி.மீ.; பெரும்பாலான பட்டறை வேலைக்கு இது தாராளம். நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஒரு தடத்திலேயே வினாடிக்கு 51,200 துடிப்புகள் வரும். கட்டுப்பாட்டுப் பலகை அவற்றைத் தவறாமல் எண்ணக்கூடியதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

என்கோடரைப் பல்லுள்ள பெல்ட்டால் 1:1 விகிதத்தில் இணைப்பது நல்லது. வி-பெல்ட் வழுக்கும். மோட்டாரின் இன்வெர்ட்டர் உண்டாக்கும் மின்இரைச்சலைத் தாங்க லைன் டிரைவர் வெளியீடு உதவும். நாகர்கோவில் கோணம் தொழிற்பேட்டையைப் போலக் கடலுக்கு அருகிலுள்ள இடங்களில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்வதால், ஐ.பி.65 காப்புள்ள உறையும் அடைப்பிட்ட கனெக்டரும் பொருத்தமானவை.